ஹைபிரிட் காரின் கோலமும் ஓட்டமும்



தன் உடைமையைத் தன் மனத்துக்கு இசைந்த கோலத்தில் வைத்துப் பார்க்க விரும்புவது மனித இயல்பு. மாட்டு வண்டில் ஓடிய காலத்திலே மாட்டின் கழுத்துக்குச் சலங்கையும், கொம்புக்கு வர்ணமும், வண்டிலின் பலகைக்குப் பூவேலையும் தேடியவர்கள் யாழ்ப்பாணத்து முன்னோர். ஆனால் அவர்கள் ஒன்றை மறந்தாரல்லர். நெல்மூட்டை ஏற்றும் வண்டிலுக்கு ஓர் அமைப்பு. சவாரிக்கு ஓடும் வண்டிலுக்கு வேறோர் அமைப்பு. சவாரி வண்டிலிலே தேவையற்ற பாரம் எதுவும் இராது. மூட்டை வண்டிலிலே அச்சுக்கும் சில்லுக்கும் வலிமையே முதன்மை. எந்த வண்டில் எதன்பொருட்டுச் செய்யப்பட்டது என்பதை அறியாமல் அதன் உருவை மாற்ற நல்ல தச்சன் எவனும் துணியான்.

அந்தத் தச்சனுடைய நிதானம் இன்று வேறோர் இடத்திலே வேண்டப்படுகின்றது. ஜப்பானிலிருந்து வந்து இலங்கையின் வீதிகளில் ஓடும் ஹைபிரிட் கார்களை அவற்றின் சொந்தக்காரர் தத்தம் விருப்பப்படி மாற்றியமைக்கின்றனர். பெரிய சில்லுகள் பூட்டுகின்றனர். காரைத் தரையை நோக்கித் தாழ்த்துகின்றனர். முன்னும் பின்னும் புதிய பம்பர்கள் பொருத்துகின்றனர். இந்த ஆசையைப் பழிப்பது இப்பேச்சின் நோக்கமன்று. ஹைபிரிட் காரின் தோற்றம் எதற்காக அவ்வாறு அமைந்தது, அதை மாற்றினால் கிடைப்பது எது, இழப்பது எது என்று கணக்குப் பார்ப்பதே நோக்கமாகும்.

முதலில் ஹைபிரிட் கார் என்பது யாது எனக் காண்போம். பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் ஒன்றுக்கொன்று துணையாக நின்று சில்லைச் சுழற்றும் வண்டியே ஹைபிரிட் வண்டி. பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட முதல் ஹைபிரிட் கார் என்னும் பெயர் டொயோட்டா நிறுவனத்தின் பிரியஸ் காருக்கு உரியது. தக்கேஷி உச்சியமாதா என்னும் பொறியியலாளரின் தலைமையில் உருவான அக்கார் 1997ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பிரியஸ் என்பது இலத்தீன் மொழிச் சொல். முன்னே செல்வது என்று பொருள்படும்.

அதன் வேலைமுறை எளிதில் விளங்கக்கூடியது. கார் புறப்படும்போதும் நகரத்து நெரிசலில் மெல்ல ஊரும்போதும் மின்மோட்டார் இழுக்கின்றது. எஞ்சின் பெரும்பாலும் ஓய்ந்திருக்கின்றது. வேகம் கூடும்போதும் ஏற்றம் ஏறும்போதும் எஞ்சின் சேர்ந்துகொள்கின்றது. பிரேக் மிதியை மெல்ல அழுத்தினால் அதே மோட்டார் மின் பிறப்பாக்கியாக மாறி, காரின் ஓட்டத்திலிருந்த சக்தியை மின்சாரமாக்கிப் பற்றரியில் சேர்த்து வைக்கின்றது. சாதாரண காரிலே பிரேக் கட்டையின் வெப்பமாக வீணே போகும் சக்தி இங்கே உண்டியலில் விழும் சில்லறையைப் போலச் சேமிக்கப்படுகின்றது. இவ்வளவையும் நொடிக்கு நொடி பங்கிட்டுக் கொடுப்பது காருக்குள்ளிருக்கும் கணினி.

சேமிப்பு இவ்விடத்தோடு முடிவதில்லை. சேமித்த சக்தியைச் சிந்தாமல் செலவிட வேண்டும். ஓடும் காருக்கு எதிராக இரண்டு பகைவர் உளர். ஒருவர் காற்று; மற்றவர் டயரின் உருள்தடை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவது. மணிக்கு 40 கிலோமீற்றரில் இருக்கும் எதிர்ப்பு 80 கிலோமீற்றரில் இருமடங்கு ஆகாது, நான்மடங்காகும். ஆதலால் காற்றை நோகாமல் விலக்கிச் செல்லும் உடலைப் பெறுவதற்கு ஹைபிரிட் கார் செய்வோர் பெரிதும் உழைத்தனர்.

2003ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் தலைமுறைப் பிரியஸின் உருவத்தை நேயர்கள் பலர் கண்டிருப்பர். ஓட்டுபவரின் தலைக்கு மேலே கூரை உயர்ந்து, பின்னோக்கி நீளமாகச் சரிந்து, வாற்புறத்தில் சட்டென்று வெட்டி நிறுத்தியதுபோல முடியும். இவ்வாறு வாலை வெட்டி நிறுத்தினால் காற்று பின்னே சுழன்று காரை இழுப்பது குறையும் என்பதை 1930களில் ஆராய்ந்தவர் வூனிபால்ட் காம் என்னும் ஜெர்மானிய அறிஞர். காற்றை ஒரு பொருள் எவ்வளவு எளிதாகக் கிழித்துச் செல்கின்றது என்பதற்குக் காற்றுத்தடைக் குணகம் என ஓர் அளவு உண்டு. அது குறையக் குறைய நன்று. இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் அது 0.26, 2009இல் வந்த மூன்றாம் தலைமுறையில் 0.25, 2015இல் வந்த நான்காம் தலைமுறையில் 0.24. நூறில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்காக ஈட்டிய முன்னேற்றம் அது. ஹொண்டா நிறுவனம் 1999இல் வெளியிட்ட முதலாவது இன்சைட் காரோ இன்னும் துணிந்து நின்றது. உடலின் பெரும்பகுதி அலுமினியம், பின் சில்லுகளைக் காற்று தீண்டாதபடி பாதி மூடிய பக்கத் தகடு, குணகம் 0.25.

கண்ணுக்குத் தெரியாத வேலையும் உண்டு. காரின் அடிவயிற்றிலே காற்று தடுமாறாமல் செல்வதற்கென இலேசான பிளாஸ்ரிக் தகடுகள் பூட்டப்பட்டுள்ளன. சில்லின் அலோய் வட்டத்துக்கு மேலே பிளாஸ்ரிக் மூடி ஒன்று இருப்பதைக் கண்டு, ‘நல்ல அலோயை ஏன் மலிவான மூடியால் மறைத்தார்கள்?’ என்று நகைப்பவர் உளர். அந்த மூடியும் காற்றை ஒழுங்குபடுத்துவதற்கே. ஆகவே ஹைபிரிட் காரின் தோற்றம் அதன் சிக்கனத்தின் கண்ணுக்குத் தெரியும் பாதி. மற்றப் பாதி எஞ்சினுக்கும் பற்றரிக்கும் உள்ளே மறைந்திருக்கின்றது.

இங்கே ஒரு வினா எழும். சிக்கனத்துக்காகச் செய்த உருவம் அழகாகத்தான் இருக்க வேண்டுமா? உலகம் முழுவதும் பிரியஸ் காரைப் புத்திசாலியின் கார் என்று போற்றியவர்களே, அழகில்லாத கார் என்றும் கேலி செய்தனர். இக்கேலி டொயோட்டா நிறுவனத்தின் உள்ளேயும் எட்டியது. ஐந்தாம் தலைமுறையைத் திட்டமிட்ட காலத்தில், நிறுவனத்தின் தலைவராயிருந்த அக்கியோ டொயோடா, பிரியஸை வாடகைக் காராக மட்டும் ஆக்கிவிட்டால் என்ன என்று ஒரு யோசனையை முன்வைத்தார். ஹைபிரிட் எங்கும் பரவ வேண்டுமாயின் எல்லாரும் ஏறும் வாடகைக் காராவதே சிறந்த வழி என்பது அவர் கருத்து. வடிவமைப்பாளர்களோ அதற்கு உடன்படவில்லை. மக்கள் தேவைக்காக மட்டுமன்றி ஆசைக்காகவும் வாங்கும் காராகப் பிரியஸை ஆக்கிக் காட்டுவோம் என்றனர். 2022ஆம் ஆண்டு நவம்பரில் புதிய கார் வெளியிடப்பட்டபோது வடிவமைப்புத் தலைவர் சைமன் ஹம்ப்ரீஸ் இவ்வரலாற்றை வெளிப்படையாகவே கூறினார். தாழ்ந்த கூரையும், சரிந்த முன்கண்ணாடியும், 19 அங்குலச் சில்லுகளுமாக வந்த அக்காரைக் கேலி செய்தவர் இலர்.

ஆனால் அழகு இலவசமாகக் கிடைக்கவில்லை. 0.24 வரை இறங்கியிருந்த காற்றுத்தடைக் குணகம் புதிய காரில் 0.27க்கு ஏறிற்று. சில்லுக்குக் கொடுத்த விலையையும் எண்ணிலே காணலாம். அமெரிக்க அரசின் எரிபொருள் அளவீட்டின்படி, 2023ஆம் ஆண்டின் முன்சில்லு இழுவைப் பிரியஸ், 17 அங்குலச் சில்லுடன் ஒரு கலனுக்கு 57 மைல் ஓடும். 19 அங்குலச் சில்லுடைய உயர்வகைகளோ 52 மைல்தான் ஓடும். லீற்றர்க் கணக்கில் சொன்னால் முன்னது ஏறக்குறைய 24.2 கிலோமீற்றர், பின்னது 22.1 கிலோமீற்றர். எஞ்சின் ஒன்றே, மோட்டார் ஒன்றே. பெரிய சில்லும், உயர்வகையோடு வந்த மேலதிகப் பாரமும் சேர்ந்து ஏற்படுத்திய வேறுபாடு இது. ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடும் ஒருவருக்கு 50 லீற்றருக்குச் சற்றுக் குறைவான பெற்றோல் மேலதிகமாகச் செலவாகும்.

இவ்விடத்தில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. சில்லின் விட்டத்தை 19 அங்குலமாக்கிய பொறியியலாளர், டயரின் அகலத்தை ஏற்றவில்லை. 17 அங்குலச் சில்லுக்கும் 195 மில்லிமீற்றர் அகலம். 19 அங்குலச் சில்லுக்கும் அதே 195 மில்லிமீற்றர் அகலம். கண்ணுக்குப் பெரிய சில்லு, காற்றுக்கு ஒடுங்கிய டயர். அழகை விரும்பினார்கள், அதன் விலையையும் அறிந்தார்கள், விலையைக் குறைக்கும் வழியையும் தேடினார்கள். தன் காரை மாற்றியமைக்க விரும்பும் எவரும் கைக்கொள்ளத்தக்க முறை இதுவே.

இனி இந்நாட்டு நிலைமையைப் பார்ப்போம். இலங்கையில் ஓடும் ஹைபிரிட் கார்களுள் பெரும்பாலானவை ஜப்பானில் ஒருவர் ஓட்டிக் கழித்தபின் இங்கு வந்தவை. பிரியஸ், 2011 டிசெம்பரில் ஜப்பானில் வெளிவந்த அதன் தம்பியாகிய அக்குவா, ஹொண்டாவின் பிட், வெசல் முதலியவை அவற்றுட் சில. 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டும் இருந்த கார்களையே வைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே இன்று மாற்றியமைக்கப்படும் கார்களுட் பல, பத்தாண்டுக்கு மேல் உழைத்த முதிய கார்கள். ஓர் எழுதுவினைஞர் வங்கியிலே கடன்பட்டு, பெற்றோற் செலவு குறையும் என்னும் நம்பிக்கையோடு அத்தகைய கார் ஒன்றை வாங்கினார் எனக் கொள்க. அவருடைய மகன் அதன் கோலத்தை மாற்ற விரும்புகின்றான். தந்தை வாங்கியது சிக்கனத்தை. மகன் காண விரும்புவது எடுப்பான தோற்றத்தை. இருவர் விருப்பத்தையும் ஒருங்கே நிறைவேற்ற இயலுமா? பெரும்பாலும் இயலும். எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பதை இருவரும் அறிந்திருந்தாற் போதும்.

தோற்றத்திலிருந்து தொடங்குவோம். நிறத்தை மாற்றுவது காரின் ஓட்டத்தைக் கெடுக்காது. ஆயினும் வெப்ப நாட்டில் நிறத்துக்கும் ஒரு கணக்குண்டு. வெள்ளையும் வெளிர் நிறமும் வெயிலைத் திருப்பி எறிவன. கறுப்பு அதனை உறிஞ்சுவது. இரண்டாம் தலைமுறை தொட்டுப் பிரியஸ் காரின் குளிரூட்டி, பெரிய பற்றரியின் மின்சாரத்திலே ஓடுகின்றது. நண்பகலில் வெயிலில் நின்ற கறுப்புக் காரைக் குளிர்விக்கச் செலவாகும் மின்சாரம், அதே காரை ஓட்டுவதற்குரிய மின்சாரந்தான். நிறம் மாற்றுவோர் அதனை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவையும் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். பதிவில் ஒரு நிறமும் வீதியில் வேறொரு நிறமுமாகத் திரியும் கார் சொந்தக்காரருக்குத் தொல்லையே தரும்.

அடுத்தது பம்பரும், பக்கப் பாவாடைகளும், பின் சிறகும். காரோடு இசைந்து அளவாக இருப்பவற்றால் பெருந்தீங்கில்லை. அகன்ற வலைவாயும், அங்குமிங்கும் துருத்திய விளிம்புகளும் கொண்டவை காற்றை வாரிப் பிடித்து நிறுத்துவன. பிரியஸின் வாற்புறத்திலே இயல்பாகவே ஒரு சிறு சிறகு உண்டு. அது காற்றாய்வுக் கூடத்தில் அளந்து வைத்தது. அதற்கு மேலே உயரமான இன்னொரு சிறகைப் பூட்டுவது வள்ளத்துக்குப் பின்னாற் கல்லைக் கட்டுவதை ஒக்கும். கூரைமேல் வெறுமையாய் நிற்கும் சாமான் தட்டும் அத்தகையதே. புதிய பம்பர் பூட்டும்போது கராஜில் கழற்றிய அடித்தகடுகளை மீண்டும் பூட்டாமல் மூலையில் எறிந்துவிடும் வழக்கம் உண்டு. கழற்றிய ஒவ்வொரு தகடும் திரும்பவும் ஏறிற்றா என்று சொந்தக்காரர் குனிந்து பார்ப்பது நன்று.

காரின் உட்புற அலங்காரத்திலேதான் பலரும் அறியாத ஒரு கண்ணி இருக்கின்றது. பிரியஸிலும் அக்குவாவிலும் பின் இருக்கையின் ஓரத்திலே சிறு காற்றுவாய் ஒன்று உண்டு. பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் காற்று, பயணிகள் இருக்கும் அறையிலிருந்து அந்த வாய்வழியே உறிஞ்சப்படுகின்றது. அழகான இருக்கை உறை தைப்பிப்பவர், தடித்த கம்பளம் விரிப்பவர், பைகளை அடுக்கிவைப்பவர் அந்த வாயை அறியாமல் மூடிவிடுகின்றனர். தூசியும் நூலும் உள்ளே போய் விசிறியில் அடைவதும் உண்டு. வெப்பமே பற்றரியின் ஆயுளைக் குடிக்கும் பகைவன். சில ஆயிரம் ரூபா உறை ஒன்று, அதனினும் பன்மடங்கு விலையுள்ள பற்றரியை மூச்சுத் திணறச் செய்யலாம். தையற்காரருக்கு அந்த வாயைக் காட்டி, உறையிலே அவ்விடத்தைத் திறந்துவிடச் சொல்வது ஒரு நிமிட வேலை.

ஹைபிரிட் காரிலே பற்றரி இரண்டு என்பதையும் மறக்கலாகாது. ஒன்று காரை இழுக்கும் உயரழுத்தப் பற்றரி. மற்றது 12 வோல்ற்றுச் சிறு பற்றரி. விளக்கு, வானொலி, கணினி ஆகியவற்றுக்கு உணவளிப்பது அதுவே. பெரிய ஒலிபெருக்கிகளும் வரிசை வரிசையான விளக்குகளும் பூட்டும் இளைஞர், பெரிய பற்றரியைக் கண்டு, மின்சாரத்துக்குக் குறைவில்லை என எண்ணுகின்றனர். கார் நிறுத்தியிருக்கும்போது அவை உண்பது சிறு பற்றரியை. அது வற்றினால் கணினி விழிக்காது. கணினி விழிக்காவிட்டால் பெரிய பற்றரி நிறைந்திருந்தும் கார் அசையாது. விளக்கைப் பற்றியும் ஒரு சொல்: மஞ்சள் விளக்குக்கென அமைந்த கூட்டிலே அளவுகடந்த வெண்ணொளிக் குமிழைப் பூட்டினால், எதிரே வருபவரின் கண் கூசும். அவர் தடுமாறும் வீதியிலேதான் அதைப் பூட்டியவரும் ஓடிக்கொண்டிருக்கின்றார்.

இனிக் கையாளுதல், அதாவது கார் திரும்பும் முறை, தரையைப் பற்றும் முறை, நிற்கும் முறை. காருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள தொடர்பு நான்கு உள்ளங்கை அளவான இடங்களிலேதான் நிகழ்கின்றது. அவை டயர் தரையைத் தொடும் இடங்கள். ஆகவே கையாளுதலைத் திருத்த விரும்புவோர் முதலில் பணத்தைச் செலவிட வேண்டியது நல்ல டயருக்கே. காரோடு வந்த சிக்கன டயர் எளிதில் உருள்வது. ஆனால் மழைநீரில் பற்றும் வலிமையில் எல்லா டயரும் ஒன்றல்ல. நல்ல தரமான டயர் ஒரு லீற்றருக்குச் சிறிது தூரத்தைக் குறைத்தாலும், ஈரமான வளைவிலே அதைவிடப் பெரியதொன்றைத் திருப்பித் தரும். கதவின் ஓரத்திலே ஒட்டியுள்ள சீட்டிற் குறித்த காற்றழுத்தத்தை மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பது செலவில்லாத திருத்தம்.

சில்லின் அளவை மாற்றுவோர் கணக்குத் தெரிந்து மாற்ற வேண்டும். மூன்றாம் தலைமுறைப் பிரியஸுக்கு நிறுவனமே இரண்டு அளவு கொடுத்தது. 15 அங்குல வட்டத்தில் 195க்கு 65 என்னும் டயர். 17 அங்குல வட்டத்தில் 215க்கு 45 என்னும் டயர். முன்னையதன் முழு விட்டம் ஏறக்குறைய 634 மில்லிமீற்றர். பின்னையதன் விட்டம் 625 மில்லிமீற்றர். வட்டம் பெரிதாகியும் டயரின் பக்கச்சுவர் குறுகியமையால் மொத்த விட்டம் நூற்றுக்கு ஒன்றரை வீதமே வேறுபடுகின்றது. இதனால் வேகமானி பொய் சொல்லாது. சில்லுகளின் சுழற்சியைக் கணக்கிட்டுக் காரின் சறுக்கலைத் தடுக்கும் கணினியும் குழம்பாது. கடையிலே அகப்பட்ட அளவை முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாகப் பூட்டுவது அக்கணினிக்குப் பொய்க்கணக்குக் கொடுப்பதாகும். மேலும், சில்லு பாரமானால் அது பள்ளத்தில் விழுந்து எழும்போது வில்லுக்கு வேலை கூடும். ஒவ்வொரு புறப்பாட்டிலும் மோட்டாருக்குச் சுமை கூடும். பெரிய சில்லு வேண்டுமாயின் பாரங் குறைந்ததைத் தேர்வதே அறிவு.

காரைத் தாழ்த்துவது அடுத்த ஆசை. தாழ்ந்த கார் வளைவில் குறைவாகச் சரியும் என்பதும், காற்றும் அடியிற் குறைவாகப் புகும் என்பதும் உண்மை. ஆனால் அக்குவா, மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் ஆகியவற்றின் அடிப்பாகம் தரையிலிருந்து ஏறக்குறைய 140 மில்லிமீற்றர் உயரத்திலேயே இருக்கின்றது. ஜப்பானின் வழுவழுப்பான வீதிக்கு அது போதும். வேகத்தடையும் குழியும் மாரிவெள்ளமும் உள்ள நாட்டில் அதிலே 30 மில்லிமீற்றரைக் குறைப்பது ஒவ்வொரு நாளும் அடிவயிற்றை உரசக் கொடுப்பதாகும். அக்கார்களின் பின்னச்சு ஒரே முறுக்குத் தண்டாக அமைந்தது. அதன் சில்லுக் கோணத்தைத் திருகாணி கொண்டு திருத்துவதற்கு இடமில்லை. வில்லை வெட்டித் தாழ்த்துவது மிகவும் தீயது. வெட்டிய வில் தன் இருக்கையிலிருந்து விலகலாம். அதற்கெனச் செய்யாத அதிர்வுதணிப்பி விரைவில் செத்துப்போகும். கார் குழியில் துள்ளும்போது டயர் தரையை விட்டெழும். தரையில் இல்லாத டயருக்கு எந்தப் பிரேக்கும் பயன் செய்யாது.

நிறுவனமே இத்துறையில் ஒரு வழி காட்டியிருக்கின்றது. அக்குவா காரிலே ஜீ.ஆர். ஸ்போர்ட் என்னும் விசேட வகை ஒன்று உண்டு. அதில் எஞ்சினையும் மோட்டாரையும் அவர்கள் தொடவில்லை. காரின் அடித்தளத்துக்கு இடையிடையே உறுதிப்பட்டைகள் பூட்டினர். வில்லையும் அதிர்வுதணிப்பியையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாற்றினர். முகத்தையும் சில்லையும் எடுப்பாக்கினர். கார் சொன்ன சொல் கேட்கும் குதிரையாவதற்குக் கூடுதல் வலு தேவையில்லை, உடல் முறுகாதிருப்பதே தேவை என்பது இதன் பாடம். பத்தாண்டு ஓடிய காரிலே இதைவிட எளிய வழியும் உண்டு. தேய்ந்த இறப்பர் புஷ்களை மாற்றி, சோர்ந்த அதிர்வுதணிப்பிகளைப் புதிதாக்கி, வீல் எலைன்மென்ற் செய்வித்தாற் போதும். அக்கார் ஜப்பானில் முதன்முதல் ஓடிய நாளின் உறுதியிற் பெரும்பங்கை மீட்டுக்கொள்ளும். இது கண்ணுக்குத் தெரியாத அலங்காரம். ஓட்டுபவரின் கை அதை உடனே அறியும்.

எஞ்சினை உரப்பாக்கும் முயற்சி ஹைபிரிட் காரிற் பொருந்தாது. உறுமும் சைலன்சர் பூட்டினால், எஞ்சின் ஓய்ந்து மின்சாரத்தில் ஓடும் நேரமெல்லாம் அது வாய்பேசாது. எஞ்சின் எழும்போது மட்டும் அயலவரை எழுப்பும். மிதியின் வேகத்தை மாற்றும் சிறு பெட்டிகள் சந்தையில் விற்கப்படுகின்றன. அவை வலுவைக் கூட்டுவதில்லை. மிதித்த செய்தியைச் சற்று மிகைப்படுத்திக் கணினிக்குச் சொல்கின்றன, அவ்வளவே. மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் வலு முறைக்கென உள்ள பொத்தானும் அதே வேலையைத்தான் செய்கின்றது. காரிலேயே இருப்பதை ஒருவர் காசு கொடுத்து மீண்டும் வாங்க வேண்டியதில்லை.

பந்தயத்தை எடுத்துக் காட்டுவோரும் உளர். ஹைபிரிட் வண்டி பந்தயத்திலே தோற்றதன்று. 2012ஆம் ஆண்டில் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற அவுடி, அங்கு வென்ற முதல் ஹைபிரிட் கார். 2013இல் ஜப்பானின் சூப்பர் ஜீ.ரீ. பந்தயத்தில் ஜீ.ரீ. 300 வகுப்பின் பட்டத்தை ஹொண்டாவின் சீ.ஆர்.இசட் வென்றது. பிரியஸும் 2012 முதல் அதே வகுப்பில் ஓடிற்று. ஆனால் அந்தப் பந்தயப் பிரியஸின் நடுவிலே இருந்தது எட்டுச் சிலிண்டர்ப் பந்தய எஞ்சின். வீட்டு வாசலில் நிற்கும் பிரியஸிடமிருந்து அது கடன்வாங்கியது முகத்தையும் பெயரையும் அன்றி வேறு சிலவற்றையே. நடிகனின் கிரீடத்தை அணிந்தவன் அரசனாகான். பந்தயக் காரின் சிறகை அணிந்த கார் பந்தயக் காராகாது.

இவையனைத்திற்கும் மேலாக, உயிரோடு தொடர்புடைய ஓர் எச்சரிக்கை உண்டு. ஹைபிரிட் காரின் உள்ளே செம்மஞ்சள் நிறத்திலே தடித்த கம்பிகள் ஓடுகின்றன. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பற்றரி 200 வோல்ற்றுக்குச் சற்று மேற்பட்டது. மோட்டாருக்குச் செல்லுமுன் இன்வேட்டர் அதனை இரண்டாம் தலைமுறையில் 500 வோல்ற்று வரையும், மூன்றாம் தலைமுறையில் 650 வோல்ற்று வரையும் உயர்த்துகின்றது. வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரமே ஆளைக் கொல்லும் என்றால் இதைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? விளக்குக் கம்பி இழுக்கத் துளையிடுபவர், அடித்தளத்திற் பட்டை பூட்டுபவர், ஒலிபெருக்கிக்கு இடம் தேடிப் பின்பகுதியைத் திறப்பவர் எல்லாரும் அந்தச் செம்மஞ்சள் நிறத்தைக் கண்ட இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். அங்கே வேலை செய்தற்குரியவர், அதற்கெனப் பயின்று, உரிய கையுறையும் கருவியும் உடைய மெக்கானிக் ஒருவரே. காரை நிறுத்தியதும் ஆபத்து நீங்கிவிட்டது என்பதும் தவறு. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் இன்வேட்டரின் உள்ளே சிறிது நேரம் அது தேங்கி நிற்கும்.

அப்படியாயின் எழுதுவினைஞரின் மகன் செய்யத்தக்கது யாது? ஓர் ஒழுங்கிலே சொல்லலாம். முதலில் கார் நலமா என்று பார்க்க வேண்டும்: பற்றரியின் காற்றுவாய், விசிறி, புஷ், அதிர்வுதணிப்பி, சில்லுக் கோணம். இரண்டாவதாக நல்ல டயர். மூன்றாவதாக, ஆசையிருந்தால், நிறுவனம் அக்காருக்கெனக் கொடுத்த அளவுக்குள் அடங்கிய, பாரங் குறைந்த அலோய் சில்லு. நான்காவதாகத் தோற்றம்: நிறம், அளவான பம்பர், உள்ளே நல்ல உறை. ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்து, செய்வதற்கு முன்னும் பின்னும் பெற்றோற் கணக்கை ஒரு சிறு கொப்பியிலே எழுதி வைக்க வேண்டும். நான்கையும் ஒரே நாளிற் செய்பவனுக்கு எது நன்மை தந்தது, எது கெடுத்தது என்று தெரியவராது. அந்தக் கொப்பியைத் தந்தையும் மகனும் சேர்ந்து பார்த்தால், காரைப் பற்றிய வாக்குவாதம் கணக்குப் பாடமாக மாறிவிடும்.

பொருளின் அழகு என்பது அதன் பயனுக்கு மேலே பூசிய பூச்சன்று. டொயோட்டாவின் வடிவமைப்பாளர் அழகுக்காகச் சிறிது சிக்கனத்தை விட்டுக் கொடுத்தனர். எவ்வளவு விட்டுக் கொடுக்கின்றோம் என்பதை அளந்து விட்டுக் கொடுத்தனர். அவ்வாறு அளந்து செய்பவன் தன் காருக்குத் தானும் ஒரு வடிவமைப்பாளன். அளக்காமற் செய்பவனோ, கடன்பட்டு வாங்கிய சிக்கனத்தை மீண்டும் காசு கொடுத்து வெளியேற்றுகின்றான். மூட்டை வண்டிலுக்குச் சலங்கை கட்டலாம், வர்ணம் பூசலாம். அதன் அச்சைச் சீவி மெலியச் செய்யலாகாது. பழைய தச்சன் மரத்திலே கண்ட உண்மை, பற்றரியும் கணினியும் நிறைந்த இன்றைய வண்டிக்கும் பொருந்துகின்றது.